பழைய பாய்லரை மாற்றப் போகிறேன்: எத்தனை கிலோவாட், எந்தக் கட்டுப்பாடு?

பனிக்காலம்:
வணக்கம் எல்லோருக்கும். எங்கள் வீட்டு கேஸ் பாய்லருக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. பைலட் சுடர் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் பழைய வகை, தகட்டில் 24 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. அடிக்கடி அணைகிறது, உதிரி பாகமும் இனிக் கிடைக்காதாம், அதனால் மாற்றியே ஆக வேண்டும். மூன்று படுக்கையறை, 9 ரேடியேட்டர், மாடியில் சுடுதண்ணீர் சிலிண்டர், பரணில் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி. வீட்டில் ஐந்து பேர், இரண்டு குளியலறை.

பார்க்க வந்தவர் பழைய பாய்லரை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். "30 கிலோவாட் காம்பி (சிலிண்டர் இல்லாமல் சுடுதண்ணீரையும் தானே உடனுக்குடன் தரும் பாய்லர்) போட்டுவிடலாம், சிலிண்டரைக் கழற்றிவிடலாம், போனில் இயக்கும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே தருகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரேடியேட்டர் எத்தனை என்றுகூடக் கேட்கவில்லை. இவ்வளவு பெரியது தேவைதானா? காம்பியா, சிலிண்டரா? தெர்மோஸ்டாட் எது நல்லது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

குழாய்வேலை:
நண்பரே, நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். ரேடியேட்டரை எண்ணாமல் கிலோவாட் சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள், அது முதல் விஷயம். அவர் சொன்ன 30 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அது வீட்டைச் சூடாக்கக் கணக்கிட்ட எண் கிடையாது. காம்பி பாய்லர் குழாய்த் தண்ணீரை ஓடும்போதே சூடாக்க வேண்டும், அதற்குத்தான் அத்தனை பலம். குளிர்காலத்தில் 5 டிகிரியில் வரும் தண்ணீரை 40 ஆக்க 24 கிலோவாட் இருந்தால் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும், 30 இருந்தால் பன்னிரண்டு சொச்சம். வீட்டுச் சூட்டுக்குத் தேவைப்படுவது இதில் ஒரு சின்னப் பங்குதான்.

தெர்மோஸ்டாட்டைக் கடைசியில் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். பாய்லரும் கட்டுப்பாடும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளுமா என்று பார்த்துத்தான் இரண்டையுமே வாங்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
அளவைக் கண்டுபிடிக்க உங்கள் கேஸ் மீட்டரே போதும். நல்ல குளிரான ஒரு நாளில், வீடு வழக்கமான சூட்டில் இருக்கும்போது, சரியாக 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மீட்டரைப் பாருங்கள். அன்றைய வெளி வெப்பநிலை சராசரியாக எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு ரேடியேட்டரின் நீளம், உயரம், ஒற்றைத் தகடா இரட்டைத் தகடா என்பதையும் எழுதுங்கள். இந்த விவரம் வந்தால் இங்கேயே கணக்குப் போட்டுவிடலாம்.

மாடிவீட்டு அக்கா:
தம்பி, ஐந்து பேர், இரண்டு குளியலறை என்கிறீர்கள், சிலிண்டரை விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் காம்பிதான். மேலே ஒருவர் குளிக்கும்போது கீழே சமையலறையில் சுடுதண்ணீரைத் திறந்தால் மேலே இருப்பவருக்குத் தண்ணீர் மெலிந்துவிடும். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டிய வீட்டில் இது தினம் தினம் தொந்தரவு. இரண்டே பேர் இருக்கும் வீடு, ஒரே குளியலறை, சிலிண்டர் வைக்க இடமில்லை என்றால் காம்பி அருமையான ஏற்பாடு, அதை மறுக்கவில்லை.

குழாய்வேலை:
அக்கா சொல்வது சரி. ஒரு ஷவருக்கு 8 லிட்டர் என்றாலும் இரண்டுக்கு 16, அதை 30 கிலோவாட் காம்பியாலும் தர முடியாது. இன்னொன்றையும் பாருங்கள்: சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்து ஒரு வாளியில் பிடித்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று அளந்துவிடுங்கள். தெருக்குழாயிலிருந்து வருவதே 11 லிட்டர்தான் என்றால் எவ்வளவு பெரிய காம்பி வாங்கினாலும் அதற்கு மேல் வராது.

செயலிப்பிரியன்:
நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன். போனில் இயக்கும் தெர்மோஸ்டாட்டை எல்லோரும் விளம்பரப் பொருள் மாதிரி ஒதுக்குகிறார்கள், ஆனால் எங்கள் வீட்டில் அது நன்றாகவே உதவுகிறது. எல்லோரும் வெளியே போய்விட்டால் தானாகக் குறைத்துக்கொள்கிறது, ஒவ்வொரு ரேடியேட்டரிலும் மின்வால்வு இருப்பதால் ஆளில்லாத அறை வீணாகச் சூடாவதில்லை. வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு நேரம் குறித்துவைக்கும் பழைய டைமர் ஒத்துவராது.

கணக்குப்பிள்ளை:
செயலியை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை சகோ. கேள்வி, அது பாய்லருக்கு என்ன சொல்கிறது என்பது. பெரும்பாலான தெர்மோஸ்டாட்டுக்குள் இருப்பது ஒரு சுவிட்சுதான்: எரி, அணை, இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அதற்குத் தெரியாது. வாரன் ஜான்சன் 1883இல் மின்சார அறை தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை வாங்கியதிலிருந்து இதே தத்துவம்தான். அன்றைக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் இன்றைய பாய்லர் சுடரைத் தேவைக்கு ஏற்றபடி ஏற்றி இறக்கிக்கொள்ளும், அதற்கு "இப்போது 43 டிகிரித் தண்ணீர் போதும்" என்று சொல்லத் தெரிந்த கட்டுப்பாடு வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்றால், புதிய பாய்லர்கள் பெரும்பாலும் கண்டென்சிங் வகை. கேஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது. பழைய பாய்லரில் அந்த ஆவி புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும், அதோடு அதற்குள் இருக்கும் வெப்பமும் போய்விடும். இயற்கை எரிவாயுவின் மொத்த வெப்பத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு இந்த ஆவியில்தான் இருக்கிறது. புதிய பாய்லர் அந்த ஆவியை உள்ளேயே குளிரவைத்துத் தண்ணீராக்கி வெப்பத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஆவி குளிரவே ஆரம்பிக்கும், 40, 35 என்று இறங்க இறங்க இன்னும் அதிகம் கிடைக்கும். 80 டிகிரியில் அனுப்பி 60இல் திரும்ப வாங்கினால் கண்டென்சிங் என்ற பெயர் மட்டும்தான் மிச்சம். வெளிப்பெட்டியில் "90 சதவீதத்துக்கு மேல்" என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பணம் கொடுக்கிறோம், ஆனால் அது கிடைப்பதும் கிடைக்காததும் தண்ணீரின் சூட்டில் இருக்கிறது.

பனிக்காலம்:
எல்லோருக்கும் நன்றி, அளந்துவிட்டேன். 24 மணி நேரத்தில் 14 கன மீட்டர் கேஸ். வெளியே சராசரி 3 டிகிரி, உள்ளே 20. ரேடியேட்டர் அளவுகளை ஒரு தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் 9ம் சேர்ந்து 11 கிலோவாட் வருகிறது. சமையலறைக் குழாயில் நிமிடத்துக்கு 13 லிட்டர். எங்கள் பக்கம் குளிர் அதிகமாகப் போனால் மைனஸ் 5.

கணக்குப்பிள்ளை:
அருமை. ஒரு கன மீட்டருக்குச் சுமார் பத்தரை யூனிட் என்று வைத்தால் 147 யூனிட். பழைய பாய்லர் என்பதால் 70 சதவீதம்தான் வீட்டுக்குள் வந்தது என்று கொள்வோம், 103. குளியலுக்கும் சமையலுக்கும் ஒரு 7 கழித்தால் 96. அதை 24ஆல் வகுத்தால் 4 கிலோவாட்.

ஆமாம், நான்கு. உள்ளுக்கும் வெளிக்கும் 17 டிகிரி வித்தியாசம் இருந்த நாளில் உங்கள் வீட்டுக்கு 4 கிலோவாட் போதுமாக இருந்திருக்கிறது. மைனஸ் 5 என்றால் வித்தியாசம் 25, தேவை ஏறக்குறைய 5.9. கணக்கில் அங்கே இங்கே பிசகு இருக்கலாம் என்று 7 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதர் சொன்ன 30 எங்கே, இது எங்கே!

இப்போது ரேடியேட்டர். அட்டவணையில் இருக்கும் எண் சராசரி 70 டிகிரித் தண்ணீருக்கும் 20 டிகிரி அறைக்கும் ஆனது, அதாவது 50 டிகிரி வித்தியாசத்துக்கு. 55இல் அனுப்பி 45இல் திரும்பி வந்தால் வித்தியாசம் 30, அப்போது ரேடியேட்டர் தருவது அட்டவணை எண்ணில் பாதிக்குச் சற்று மேல். உங்கள் 11 கிலோவாட்டில் அது 5.7. அதாவது வருஷத்தின் மிகக் குளிரான நாளில்கூட 56, 57 டிகிரித் தண்ணீர் போதும். நீங்கள் அளந்த நாளைப் போன்ற நாட்களில் 47, 48 போதும். ஒரு ரேடியேட்டரைக்கூட மாற்றாமல் குளிர்காலம் முழுவதும் கண்டென்சிங் நிலையிலேயே ஓட்டலாம். உங்கள் வீட்டுக்கு வாய்த்திருக்கும் இந்த வசதியைத் தப்பான கட்டுப்பாட்டை வாங்கி வீணாக்கிவிடாதீர்கள்.

குழாய்வேலை:
இதோடு இன்னொரு எண்ணைச் சேர்த்துப் பாருங்கள், விற்பவர்கள் வாயைத் திறந்து சொல்லாத எண்: பாய்லரின் குறைந்தபட்ச பலம். வெளியே 10 டிகிரி இருக்கும் நாளில் உங்கள் வீட்டுக்கு இரண்டரை கிலோவாட்தான் வேண்டும், குளிர்காலத்தில் பாதி நாள் அப்படித்தான். பாய்லர் 7 கிலோவாட்டுக்குக் கீழே இறங்காது என்றால் எரியும், உடனே சூடாகி அணையும், மறுபடி எரியும். ஒவ்வொரு தடவை பற்றவைக்கும்போதும் உள்ளே காற்றை ஊதி வெளியேற்றும், அதில் வெப்பம் போகும், மின்விசிறியும் பற்றவைக்கும் முனையும் தேயும். அதனால் அட்டவணையில் அதிகபட்சத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குறைந்தபட்சத்தைப் பாருங்கள். 2 அல்லது 3 கிலோவாட் வரை இறங்குவதாக வாங்குங்கள். சிலிண்டரை வைத்துக்கொண்டால் 12 அல்லது 15 கிலோவாட் பாய்லரே உங்களுக்குத் தாராளம்.

இரவுப்பணி:
குறுக்கே ஒரு கேள்வி. சிலிண்டரில் தண்ணீரை 60 டிகிரிக்கு வைக்க வேண்டுமே, லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்க. ரேடியேட்டருக்கு 45இல் அனுப்பினால் சிலிண்டர் எப்படி 60க்கு வரும்?

குழாய்வேலை:
சரியான இடத்தில் பிடித்தீர்கள். பழைய முறையில் சிலிண்டருக்கும் ரேடியேட்டருக்கும் ஒரே சூட்டில்தான் தண்ணீர் போகும், ஆகவே சிலிண்டருக்காகப் பாய்லரையே 70, 75 என்று வைத்துவிடுவார்கள், ரேடியேட்டரும் அதே சூட்டை வாங்கிக்கொள்ளும். இதற்குத் தீர்வு, சுடுதண்ணீர் முன்னுரிமை. சிலிண்டரில் ஒரு சென்சார் வைத்து அதன் வயரைப் பாய்லருக்கே கொண்டுபோவது. சிலிண்டர் கேட்கும்போது பாய்லர் ரேடியேட்டரை நிறுத்தி, 65, 70 டிகிரியில் சிலிண்டரை மட்டும் சூடாக்கி முடித்துவிட்டு மறுபடி குறைந்த சூட்டுக்கு இறங்கிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் வீடு குளிர்ந்துவிடாது. ஆனால் எல்லாப் பாய்லரும் இதைச் செய்யாது. வாங்கும் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிலிண்டருக்குள் இருக்கும் சுருள்குழாய் மிகப் பழையது, சின்னது என்றால் சூடாக நேரமாகும், அப்போது சிலிண்டரையும் மாற்றுவது நல்லது.

செயலிப்பிரியன்:
சரி, அப்படியானால் எந்தக் கட்டுப்பாட்டைத்தான் வாங்குவது? பெயர்கள் தலையைச் சுற்றுகின்றன.

கணக்குப்பிள்ளை:
பெயர்களை விடுங்கள், வகை இரண்டுதான். ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒரு சென்சார் வைத்து, வெளியே எவ்வளவு குளிரோ அதற்கேற்பத் தண்ணீரின் சூட்டை ஏற்றி இறக்குவது. வெதர் காம்பன்சேஷன் என்பார்கள். வெளியே இவ்வளவு குளிர் என்றால் தண்ணீர் இவ்வளவு சூடு என்று அதில் குறித்துவைக்கும் கோடுதான் சூட்டுக் கோடு, அது எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பது அதன் சரிவு. மற்றது, அறையின் சூட்டைப் பார்த்து, இலக்கை நெருங்க நெருங்கத் தண்ணீரின் சூட்டைக் குறைப்பது, லோட் காம்பன்சேஷன். இரண்டையும் சேர்த்துச் செய்யும் கருவிகளும் உண்டு. இவை பாய்லரோடு பேச ஒரு மொழி வேண்டும். சில நிறுவனங்கள் தங்களுக்கென்று ஒரு மொழி வைத்திருக்கின்றன, ஓபன்தெர்ம் என்பது 1996இல் தொடங்கிய பொது மொழி. பாய்லரிலும் அது இருக்க வேண்டும், தெர்மோஸ்டாட்டிலும் இருக்க வேண்டும், பொருத்துபவர் அந்த இரண்டு வயரையும் சரியான முனையில் கொடுக்கவும் வேண்டும். கடைசியில் சொன்னதில்தான் பலர் வீட்டில் கோட்டை விடுகிறார்கள்: ஓபன்தெர்ம் தெரிந்த விலை உயர்ந்த தெர்மோஸ்டாட்டை வாங்கி, அதைச் சாதாரண சுவிட்சாக இணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், வீட்டுக்காரருக்கு வருஷக்கணக்கில் தெரிவதே இல்லை.

உங்கள் வீட்டுக்கு என் பரிந்துரை வெளிச் சென்சார். வெயில் படாத வடக்குச் சுவரில், ஜன்னலுக்கும் புகைபோக்கிக்கும் தள்ளி வையுங்கள்.

மாடிவீட்டு அக்கா:
ஹீட்டிங்கை நாள் முழுக்க ஓடவிடுவது வீண் இல்லையா? எங்கள் அம்மா அறையை விட்டு எழுந்தாலே அணைக்கச் சொல்வார்.

கணக்குப்பிள்ளை:
அம்மா சொல்வதில் இயற்பியல் இருக்கிறது அக்கா. வீடு இழக்கும் வெப்பம் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது, ஆகவே வீட்டைக் குளிரவிட்டால் இழப்பு குறையும், இதில் சந்தேகமே இல்லை. ஆனால் எட்டு மணி நேரம் அணைத்துவிட்டு, ஒரே மணி நேரத்தில் மறுபடி 20க்கு வர வேண்டும் என்றால் தண்ணீர் 70க்கு ஏறும், அங்கே கண்டென்சிங் லாபம் போய்விடும். எது ஜெயிக்கும் என்பது வீட்டைப் பொறுத்தது. காற்றுப் புகும், சீக்கிரம் குளிரும் வீட்டில், பகலெல்லாம் ஆளில்லை என்றால், அணைப்பதே லாபம். நன்றாகக் காப்பிடப்பட்ட வீட்டில் இரவில் 2, 3 டிகிரி மட்டும் குறைத்துவிட்டு மெதுவாக மீட்பது நல்லது. உங்கள் மீட்டரையே சாட்சியாக வைத்து இரண்டு வழியையும் பாருங்கள், குளிர் ஒரே அளவில் இருக்கும் வாரங்களாக மட்டும் எடுங்கள்.

செயலிப்பிரியன்:
அறைக்கு அறை வால்வு? அதையாவது ஒத்துக்கொள்வீர்களா?

குழாய்வேலை:
கண்டிப்பாக வால்வு வேண்டும் தம்பி, வெயில் அடிக்கும் அறையிலும் படுக்கையறையிலும் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. ஆனால் ஒன்பதில் ஏழை மூடிவிட்டு இரண்டை மட்டும் திறந்துவைத்தால் பாய்லருக்கு வெப்பத்தைக் கொட்ட இடமில்லை, எரிந்து எரிந்து அணையும். பக்கத்து அறைகள் குளிர்ந்து கிடப்பதால் திறந்த அறைக்கும் அதிகச் சூடு தேவைப்படும். அப்புறம் தெர்மோஸ்டாட் இருக்கும் அறையின் ரேடியேட்டர் வால்வை முழுதாகத் திறந்தே வையுங்கள். இல்லையென்றால் "போதும்" என்று வால்வு மூடும், "இன்னும் போதவில்லை" என்று தெர்மோஸ்டாட் கேட்டுக்கொண்டே இருக்கும், பாய்லர் வீணாக ஓடும்.

இப்போது பொருத்தும் வேலையைப் பற்றி, ஏனென்றால் நல்ல பாய்லரைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். பழைய ரேடியேட்டருக்குள் கறுப்புச் சேறு இருக்கும், இரும்புத் துரு. அதை அலசி எடுக்காமல் புதிய பாய்லரை மாட்டினால் அதன் மெல்லிய வெப்பப் பரிமாற்றியில் போய் அடைத்துக்கொள்ளும். அலச வேண்டும், துரு தடுக்கும் திரவம் ஊற்ற வேண்டும், திரும்பி வரும் குழாயில் காந்த வடிகட்டி வைக்க வேண்டும். பரண் தொட்டியை எடுத்துவிட்டு மூடிய அமைப்புக்கு மாறினால் அழுத்தம் 1 முதல் 1.5 பார் வரை இருக்கும், இத்தனை வருஷம் குறைந்த அழுத்தத்தில் ஒழுகாமல் இருந்த பழைய இணைப்புகள் ஒழுகத் தொடங்கலாம். முன்பே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாய்லரிலிருந்து சொட்டும் தண்ணீர் அமிலத்தன்மை உள்ளது, செம்புக் குழாயில் விடக்கூடாது, பிளாஸ்டிக்தான். முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே வடிகாலில் சேர்க்கட்டும், வெளியே மெல்லிய குழாயாகப் போனால் உறைந்து அடைக்கும், கடும்குளிர் நாளில்தான் பாய்லர் நின்றுபோகும்.

இரவுப்பணி:
பணத்தைப் பற்றி நிறைய பேசிவிட்டோம், உயிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாகச் சோம்பி எரிந்தாலோ, பாய்லரைச் சுற்றிக் கரி படிந்தாலோ, ஹீட்டிங் ஓடும்போது மட்டும் வீட்டில் பலருக்குத் தலைவலி வந்தாலோ, பாய்லரை அணைத்து, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். அங்கிருந்து அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பனிக்காலம், உங்களுடையது அடிக்கடி அணைகிற பழைய பாய்லர். புதியது வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே ஒரு அலாரம் வாங்கி மாட்டுங்கள், தகுதி பெற்ற ஒருவரை அழைத்து அதைச் சோதித்தும் விடுங்கள்.

பனிக்காலம்:
அலாரம் மாட்டிவிட்டேன், நன்றி. வேறு மூன்று பேரைக் கூப்பிட்டு இந்த எண்களைக் காட்டினேன். ஒருவர் "உங்களுக்கு எதற்கு இந்தக் கணக்கெல்லாம்" என்றார், அவரை அனுப்பிவிட்டேன். இன்னொருவர் அறை அறையாக அளந்து 6.3 கிலோவாட் என்று எழுதிக் கொடுத்தார், வேலையை அவரிடமே கொடுத்தேன். 15 கிலோவாட், குறைந்தபட்சம் 2.5, சிலிண்டருக்கு முன்னுரிமை, வடக்குச் சுவரில் சென்சார். எல்லாம் பொருத்தி ஓடிக்கொண்டிருக்கிறது, ரேடியேட்டர் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் வீடு ஒரே சீராக 20இல் நிற்கிறது. ஒரே குறை, மாடியில் சின்ன அறை மட்டும் 17ஐத் தாண்டவில்லை. சூட்டுக் கோட்டைக் கொஞ்சம் ஏற்றலாமா?

குழாய்வேலை:
ஒரு அறைக்காகக் கோட்டை ஏற்றாதீர்கள், மற்ற எட்டு அறைக்கும் சேர்த்து கேஸ் செலவாகும். முதலில் பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் ரேடியேட்டர்களின் அடிப்பக்க மூடி வால்வை (கையால் திருப்பும் வால்வுக்கு எதிர்முனையில், மூடி போட்டு இருப்பது) கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். அவைதான் தண்ணீரை அதிகம் இழுத்துக்கொள்ளும். சின்ன அறை வால்வை முழுதாகத் திறந்துவிடுங்கள், ஒருநாள் விட்டுப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் அந்த அறை ரேடியேட்டர் சின்னது என்று அர்த்தம், அதை மட்டும் இரட்டைத் தகடாக மாற்றலாம்.

வீடு முழுவதுமே குளிர்ந்தால்தான் கோட்டைத் தொட வேண்டும். கடும்குளிர் நாளில் மட்டும் குறைகிறது என்றால் சரிவை ஏற்றுங்கள். மிதமான நாளிலும் குறைகிறது என்றால் சரிவை விட்டுவிட்டுக் கோட்டை மொத்தமாக ஒன்றிரண்டு டிகிரி மேலே நகர்த்துங்கள். ஒரு மாற்றம் செய்தால் இரண்டு நாள் பொறுங்கள், குறைந்த சூட்டில் ஓடும் வீடு மெதுவாகத்தான் பதில் சொல்லும்.